இரும்பு ஒன்பது, இரும்பு பதினொன்று

துலூத்தில், ஒரே வாரத்தில் வாங்கிய
இரண்டு பிக்கப் வண்டிகள்.
அண்ணன் ஹார்லனுடையதற்கு எண்ணெய் தபாலில் வரும்,
குப்பிக்குக் குப்பி தனி அட்டை,
தொண்ணூற்றாறு டாலர்.
என்னுடையதற்கு சூப்பர்மார்க்கெட் கேன்,
நாய்த்தீனிக்கும் டயப்பருக்கும் நடுவில் எடுத்தது,
இருபத்தெட்டு.

"மார்லிஸ், எஞ்சினுக்கு நீ கஞ்சி ஊற்றுகிறாய்"
என்பான்.

வடித்த எண்ணெயை ஆய்வகத்துக்கு அனுப்பினோம்.
வந்த தாளைக்
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தான்:
அவனுக்கு இரும்பு ஒன்பது, எனக்குப் பதினொன்று.
அந்த இரண்டை வைத்துக்கொண்டு
ஈஸ்டர் வரை பேசினான்.

மைனஸ் முப்பத்தொன்றில் ஒரு விடியல்.
அவன் வண்டி ஓர் இருமலில் கிளம்பியது.
என்னுடையது மூன்று.
ஒப்புக்கொள்கிறேன், மூன்று.

பதினான்காம் குளிர்காலம்,
சாலையில் தூவிய உப்பு
இரண்டின் அடித்தட்டையும் தின்று முடித்தது.
பிரேக்குக்குப் பக்கத்தில் எனக்குத் தார் தெரிந்தது.
காயலான் கடை லண்ட்குவிஸ்ட்
பானட்டைத் திறக்கவே இல்லை.
எண்ணெய் பற்றி ஹார்லன் வாயெடுத்தான்.
"பவுண்டுக்கு ஏழு காசு" என்றார்.

திரும்பும் டாக்சியில்
மிச்சமிருந்த குப்பி அவன் மடியில்.
மூடியைத் திருகி என்னிடம் நீட்டினான்.
தேன் நிறம்.
நல்ல வாசனைதான்,
சொல்லவில்லை.