முதல் கட்டம்

வண்ணார்பேட்டையில் என் இ-சேவை மையத்தின் ஷட்டரை
ஞாயிறு மதியம் பாதி இறக்கிவிடுவேன்.
சூப்பர் ஹீரோக்கள் குனிந்துதான் உள்ளே வர வேண்டும்.

வாரம் ஆறு நாள் நான் நிரப்புவது
பிறர் பெயர், பிறர் தகப்பன் பெயர்,
தட்டினால் விரியும் பட்டியலில்
அவரவர்க்கென்று ஒரு வரி.
அதில் இல்லாதவர்க்கு 'இதர'.
ஏழாம் நாள் விளையாட்டு.
அதற்கும் நான்தான் படிவம் அடித்தேன், மஞ்சள் தாளில்.

பெயருக்கும் மேலே முதல் கட்டம்: வகுப்பு.
பறப்பவர். பலசாலி. மனம் படிப்பவர்.
கருவி செய்பவர். உருமாறி.
ஒன்றை மட்டும் வட்டமிடவும்.

செய்யது மசூது உட்காருமுன் வட்டமிட்டான், பலசாலி.
மேலப்பாளையத்தில் செல்போன் பழுது பார்ப்பவன்,
நாள் முழுக்க எள்ளளவு திருகாணி.
"இங்கயாவது ஒரு பஸ்ஸத் தூக்கிப் போடுதேன் வே.
வகுப்பு இருந்தா வசதி. எங்க நிக்கணும்னு தெரியும்."

உச்சிமாகாளி பேனாவை மூடினாள்.
"எங்க நிக்கணும்னு பன்னெண்டு வருசம்
பள்ளிக்கூடத்துலயே சொல்லியாச்சு.
கையில கலர்க் கயிறு கட்டிக்கிட்டு வந்தவனுவ சொன்னானுவ.
ஞாயித்துக்கெழமையுமா?"

மின்விசிறியில் மஞ்சள் தாள்கள் படபடத்தன.
சொல்தான் ஒன்று, பொருள் வேறு என்றேன்.
சொல்லும்போதே கேட்டது,
திங்கள் முதல் சனி வரை
கவுண்டருக்குப் பின்னிருந்து பேசும் என் குரல்.

சரி. அடுத்த வாரம் வெள்ளைத் தாள்.
ஆளுக்கு நூறு புள்ளி, சக்திகளுக்கு விலைப்பட்டியல்.
வேண்டியதை வாங்கி உங்களை நீங்களே செய்துகொள்ளுங்கள்.

மூன்று ஞாயிறு கணக்கிலேயே போனது.
ஒரு கொள்ளைக்காரன்கூட அகப்படவில்லை.
பலவீனம் எழுதினால் புள்ளி கூடும் என்றிருந்தது விதி.
ஜெபகர் சார் 'நீச்சல் தெரியாது' எழுதிப் பதினைந்து பெற்று
அதையும் பறப்பதில் போட்டார்.
(கணக்கு வாத்தியார். பிறகு பார்த்துக்கொண்டேன்.)
மசூது ராத்திரி முழுக்கக் கால்குலேட்டர் தட்டிச் செய்து வந்தது
அச்சு அசல் அதே பலசாலி.
மின்வாரியக் கொம்பையா ஒன்றே ஒன்றுதான் வாங்கினான்:
மின்சாரம் தாக்காது. நூறு புள்ளிக்கும்.
அஞ்சு போதும்யா, மீதி வீண் என்றேன்.
"இருக்கட்டும்" என்றான்.
போன ஐப்பசி மழையில் அவனோடு கம்பம் ஏறியவரைப் பற்றி
யாரும் பேசவில்லை.

உச்சிமாகாளி கடைசியாகத் தந்தாள்.
பட்டியலிலேயே இல்லாத ஒரு சக்தி, குனிந்த கையெழுத்தில்:
'எந்த ஊர், எந்தத் தெரு என்று
இவளிடம் கேட்க வருபவர்க்குக்
கேள்வி பாதியில் மறந்துவிடும்.'
விலைக்கு இடம் விட்டிருந்தாள்.

எவ்வளவு தூரம் வரை வேலை செய்யும்?
நாளைக்கு எத்தனை தடவை?
ஆட்டம் நடத்துபவன் கேட்டாக வேண்டும்.
"எத்தன தடவ கேக்காவளோ, அத்தன தடவ."

பறப்பது இருபது. மறைவது முப்பது.
இதற்கு ஐந்து போட்டால் எனக்கே அசிங்கம்.
நூறு போட்டால்
பாவம், அவள் பறக்கவே முடியாது.

காலியாகவே விட்டு ஆட்டத்தைத் தொடங்கினேன்.
கொக்கிரகுளம் ஆற்றுப்பாலம், கரை புரளும் வெள்ளம்.
மசூது பஸ்ஸைத் தூக்கினான், கூச்சலிட்டான்.
ஜெபகர் சாரின் பறக்கும் சக்தியை வில்லன் பறித்து
ஆற்றில் தள்ளினான். பதினைந்து புள்ளி வட்டியோடு.
பாலத்து நடுவில் தனியாக உச்சிமாகாளி.
வில்லனுக்குக் குரல் நான்தானே, கரகரப்பாக்கினேன்.
"ஏ பிள்ள, நீ எந்த"

விதிப்படி அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

வாயைத் திறந்தபடி இருந்தேன்.
பகடை உருண்டு ஜெராக்ஸ் மிஷினுக்கு அடியில் போனது.
கொம்பையா தரையில் படுத்துத் துழாவினான்.
அவள் டீயை ஊதி ஊதிக் குடித்தாள்.

திங்கள் ஒன்பதரை. சர்வர் வந்தது.
முதல் ஆள், மகளோடு ஒரு தகப்பன், சான்றிதழுக்கு.
விசைப்பலகையில் கை வைத்து "எந்த" என்றேன்.
அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

கேட்டேன்.
கேட்காமல் படிவம் அடுத்த பக்கம் போகாது.