பதினொன்றாம் மாடிவரை

கொதிக்கும் தேநீர் என் மணிக்கட்டில் கவிழ்ந்ததும்
மன்னிப்புக் கேட்டது நான்தான்.
தட்டிவிட்டவர்
தன் கால்சட்டையில் ஒரு துளியைக் காட்டிக்கொண்டிருந்தார்.

படிவம் எழுதலாமா என்றாள் ஹுவே மின்.
எழுதினால் நாலு பேர் படிப்பார்கள்.
வேண்டாம் என்றேன், முகம் கோணாமல்.
கழிவறையில் பனிக்கட்டி, உதட்டுச்சாயம்,
மறுபடி கதவு.

தெம்பனிஸ். விடிகாலை ஐந்தே கால்.
மின்தூக்கி மூடியதும் உதட்டைத் தளர்த்தினேன்.
பதினொன்றாம் மாடிவரை அழலாம்.

நாலில் நின்றது.
செய்தித்தாள் கட்டோடு ஹம்சவேணி அக்கா.
"ஜூரிக்கா? குடுத்துவச்சவ."
"ஆமாக்கா. உங்க பையன்?"
"ஜம்முனு இருக்கான்."

அவர் வீட்டு வாசலில்
கடன்முதலை ஊற்றிய சிவப்பு
இன்னும் சரியாகப் போகவில்லை.
நான் பார்க்கவில்லை.
என் மணிக்கட்டை அவரும்.

எண்களையே பார்த்துக்கொண்டு போனோம்,
ஏழு, எட்டு