பத்துக்கு ஒன்று குறைவு

வியாழன் மாலை, மில்வாக்கி.
ஏரிக்காற்றுக்கு இன்று பல் முளைத்திருக்கிறது.
நீதிமன்றப் படிகளில் நிற்கிறோம் வழக்கம்போல,
மெழுகுவர்த்தி நிற்காதென்று
ரிவா வாங்கிவந்த பேட்டரி விளக்குகளோடு.
அட்டையில் என் கையெழுத்து:
"யூதர்கள் நாங்கள். குண்டுகளை நிறுத்துங்கள்."
'நிறுத்துங்கள்' இடம் போதாமல்
ஓரத்தில் ஒடுங்கிக் கிடக்கிறது.

இறந்தவர்க்கான பிரார்த்தனைக்குப் பத்துப் பேர் வேண்டும்.
ஆளை எண்ணக் கூடாது, கண் பட்டுவிடும்
என்பதும் எங்கள் வழக்கம்.
அதனால் இல்லையென்று சொல்லி எண்ணுவோம்:
ஒன்றல்ல, இரண்டல்ல, மூன்றல்ல,
டோவா, ஊன்றுகோலோடு ஷிம்ஷன்,
பல்கலைக்கழகம் இடைநீக்கிய இரண்டு பிள்ளைகள்,
எட்டல்ல,
ஒன்பதல்ல.
அதோடு நின்றுவிட்டது விரல்.
எஸ்தெல்லுக்குக் காய்ச்சலாம்.

எதிர்ச்சாரியில் அவர்கள்.
நீலமும் வெள்ளையுமாய்க் கொடிகள், நாற்பது பேர் இருக்கும்.
பாதிப் பேர் என் கல்யாணத்தில் ஆடியவர்கள்.
"துரோகி!" என்று தொண்டை கிழியக் கத்துகிறவருக்கு
போன ஏப்ரல் வரை நான்தான் வரிக்கணக்கு எழுதினேன்.
அவர் இதயத்துக்கு மாதம் எவ்வளவு மாத்திரை
என்பது எனக்கு மனப்பாடம்.
கத்தாதீர்கள் என்று சொல்லத் தோன்றும்,
வேறு காரணத்துக்காக.

அந்தக் கூட்டத்தில்தான் என் தம்பி லேஸர்.
பதினான்கு மாதமாய்ப் பேச்சில்லை.
அவன் கையில் பெரியம்மா மகன் ஆம்னோனின் படம்:
எல்லையோரம் உருளைக்கிழங்கு வயல் பார்த்தவன்,
அந்தச் சனிக்கிழமை காலை
தன் வாசலிலேயே கிடந்தான்.
ஆம்னோன் பெயரையும் வாசிக்கிறோம், வாராவாரம்.
லேஸர் நம்புவதில்லை.

இன்றைய தாளில் காஸாவின் ஒரு வீடு.
பதினேழு பேர்.
கடைசி வரியில் பெயர் இல்லை,
"மகள், மூன்று நாள்" என்று மட்டும்.
டிசம்பர் முப்பத்தொன்றில் பிறந்த பிள்ளைக்கும்
முழு ஆண்டு வரிக்கழிவு தரும் நாடு என் நாடு.
நானே எத்தனை படிவத்தில் நிரப்பியிருக்கிறேன்,
வாழ்த்துச் சொல்லிக்கொண்டு.
மிச்ச வரி எங்கே போகிறது என்பதற்கு
அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.

விளக்கு மாறுகிறது.
படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
தெருவைக் கடக்கிறான் லேஸர்.
ஷிம்ஷன் ஊன்றுகோலை இறுக்கிப் பிடிக்கிறார்.

"உங்களுக்காக வரவில்லை.
இன்று அப்பா செத்த தேதி."

கணக்கெழுதுகிற நான் மறந்திருந்தேன்.

"என் கணக்கில் நீங்கள் நான்கே பேர்,"
என்கிறான், பெண்களைத் தாண்டிப் பார்த்தபடி.
"உன்னோடு ஐந்து," என்கிறேன்.
"என் கணக்கில் பத்து."

அந்தப் பக்கம் ஆண்களே இருபது பேர் உண்டு.
அதை நானும் சொல்லவில்லை,
அவனும் சொல்லவில்லை.

டோவா பெயர்களை வாசிக்கிறாள்.
லேஸர் தன் பூட்ஸைப் பார்க்கிறான்.
ஆம்னோனுக்கு நிமிர்கிறான்.
மூன்று நாள் மகளுக்கு
எப்படி இருந்தான் என்று தெரியாது;
அந்த நேரம் என்னால் அவனைப் பார்க்க முடியவில்லை.

பிறகு பிரார்த்தனை.
அதில் சாவு என்ற சொல்லே கிடையாது,
புகழ்ச்சி மட்டும், வரிக்கு மேல் வரியாக.
சின்ன வயதில் போலவே
நடுவில் ஒரு சொல்லை விழுங்குகிறான்.
ஆமென் சொன்னானா?
காற்று.

சொல்லிக்கொள்ளாமல் திரும்பிப் போகிறான்.
அங்கே யாரோ அவன் தோளைப் பிடித்து ஏதோ கேட்கிறார்கள்.
கையை உதறிவிட்டுப்
படத்தை மறுபடி நெஞ்சுக்கு நேரே தூக்குகிறான்.

விளக்குகளை அணைத்துப் பையில் போடுகிறோம்.
ஒன்று அணைய மாட்டேனென்கிறது.
எத்தனை பெயர் வாசித்தோம் இன்று,
ஷிம்ஷனுக்குக் குறிப்பேட்டில் எழுத வேண்டும்.

ஒன்றல்ல, என்கிறேன்.
இரண்டல்ல.