மூடியில் ஒரு பெயர்

மாதாமாதம் ஐந்தாம் தேதி
இறால் உரித்த கையைச் சீயக்காய் போட்டுக் கழுவிக்கொண்டு
என் வீட்டு வாசற்படியில் வந்து உட்காருவார்கள்.
ஆளுக்கு ஐந்நூறு. இருபது பேர்.
ஹார்லிக்ஸ் பாட்டிலில் பெயர்ச்சீட்டு,
எடுப்பது சம்சாத்தின் கைப்பிள்ளை.
சில மாதம் எடுத்ததை வாயில் போட்டுக்கொள்ளும்.
பிடுங்கி, எச்சில் துடைத்துப் படிப்போம்:
கற்பகவல்லி.
கற்பகவல்லி முந்தானையில் முடிந்துகொண்டு போவாள்
பத்தாயிரத்தை.

ஓடினவள் இல்லையா? உண்டு.
எட்டாம் மாதம் சீட்டு விழுந்தவள்
பாத்திரத்தோடு எண்ணூர்ப் பக்கம் போய்விட்டாள்.
மிச்சம் பத்தொன்பது பேரும்
மாதம் இருபத்தேழு ரூபாய் கூடப் போட்டோம்,
அவள் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே.
கூடுதலாக நின்ற பதின்மூன்று ரூபாய்க்கு
வெற்றிலை வாங்கினோம்.

அப்புறம்தான் தேசிங்கு வந்தான்.
கொருக்குப்பேட்டை முழுக்கத் தண்ணி கேன் போட்ட பையன்,
இப்போது டை.
மின்ட் பக்கம் ஏசி ரூமில் உட்கார வைத்தான்.
"இருபதாயிரம் போடுக்கா,
மாசம் ரெண்டாயிரம். வருசம் முடிஞ்சா மொதலும் கைக்கு.
கீழ அஞ்சு பேரக் கொண்டாந்தீன்னா
தலைக்கு ஆயிரம் உனுக்கு."

பணம் வந்தது.
அதைச் சொல்லாமல் விட்டால் நான் சொல்வது பொய்.
மூன்று மாதம், தேதி தவறாமல் வந்தது.
தவணையில் ஃபிரிட்ஜ் எடுத்தேன்.
என் ஐந்து பேருக்கும் கம்பெனி
ஆளுக்கொரு எவர்சில்வர் டப்பா கொடுத்தது,
ஐந்து கிலோ அரிசி கொள்ளும்.
மூடியில் புள்ளிப் புள்ளியாய் வெட்டியிருந்தார்கள்:
அன்பளிப்பு. வழி, ஏ. ரெஜினா.

என் கல்யாணச் சீர்ப் பாத்திரத்தில்கூட
அப்பா பெயர்தான் இருந்தது.
அன்று ராத்திரி
பேபி சரோஜா வீட்டில் அந்த மூடியை
மூன்று தடவை தடவிப் பார்த்தேன்.

நாலாம் மாதம் ஷட்டர்.
தேசிங்கின் போன் அணைந்திருக்கிறது என்று
ஒரு பெண்குரல் மரியாதையாகச் சொன்னது.

மனு கொடுக்கும் வரிசையில் நிற்கும்போது
மனுவின் முதுகில் கணக்குப் போட்டேன்.
எனக்குக் கீழே அஞ்சு.
அவர்களுக்குக் கீழே இருபத்தஞ்சு.
நூத்தி இருபத்தஞ்சு, எங்கள் தெரு தீர்ந்தது.
அறுநூத்தி இருபத்தஞ்சு. மூவாயிரத்துச் சொச்சம்.
தண்டையார்பேட்டை, ராயபுரம், காசிமேடு.
ஒன்பதாவது வரிசைக்குப்
பத்தொன்பது லட்சத்துக்கு மேல் ஆள் வேண்டும்.
அதற்கப்புறம் கடல்தான்.
வஞ்சிர மீனுக்கும் ஒரு ஃபாரம் கொடுக்கணும்.

இருபது பேர் கணக்கை
விரல்விட்டு எழுதத் தெரிந்த எனக்கு
இந்தக் கணக்கு அன்றுதான் வந்தது.

ஃபிரிட்ஜைக் கடைக்காரனே எடுத்துக்கொண்டான்.
கம்மலை விற்று
கமிஷன் ஐயாயிரத்தையும் ஐந்து வீட்டில் கொடுத்தேன்.
இருபதாயிரத்துக்கு முன்னால் அது ஒரு டீ.
திலோத்தமா வாங்கவில்லை. கதவும் திறக்கவில்லை.
லூர்துமேரி எண்ணி வாங்கிக்கொண்டு
"இத்தோட நம்ம பேச்சு முடிஞ்சிச்சி" என்றாள்.
பேபி சரோஜா மட்டும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு
வண்ணாரப்பேட்டை பாத்திரக்கடைக்குப் போனாளாம்,
பெயரை அழிக்க.
ராவினால் தகடு ஓட்டை விழும் என்றானாம்.

இந்த மாதம் ஐந்தாம் தேதி
வருவார்களா என்று தெரியாமல் படியைப் பெருக்கினேன்.
பதினொரு பேர் வந்தார்கள்.
கடைசியாகப் பேபி சரோஜா.
டப்பாவை நடுவில் வைத்தாள், உள்ளே அவள் ஐந்நூறு.
மூடியைக் கவிழ்த்துப் போட்டிருந்தாள்,
என் பெயர் உள்பக்கம், ரூபாய் நோட்டின்மேல்.

"பாட்டில நீ புடிக்காத" என்றாள்.

தள்ளி உட்கார்ந்தேன்.
சம்சாத்தின் பிள்ளை கையை விட்டது.