எழுவாய் இல்லாத வினை

மதுரையைச் சுற்றிக் கல்.
ஒத்தக்கடையில் இறங்கினால் ஆனை படுத்திருக்கும்,
மேற்கே போனால் நாகம் நீண்டு கிடக்கும்.
எனக்குள் இருந்தது ஆறு மில்லிமீட்டர்.
ராத்திரி பதினொன்றுக்கு அது நகரத் தொடங்கியது.

பெரியாஸ்பத்திரி, பெண்கள் வார்டு.
கட்டில் காலியில்லை.
இரண்டு கட்டிலுக்கு நடுவே பாய் விரித்தார்கள்.
ஸ்கேன் படத்தை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்து
சின்ன டாக்டர் கேட்டாள்:
"தண்ணியே குடிக்க மாட்டீங்களாக்கா?"

குடிக்க மாட்டேன் தாயி.
விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை,
மூணாவது மாடி, பட்டு செக்‌ஷன்.
பாத்ரூம் தரைக்கும் கீழே.
காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை,
நோட்டில் நேரம் போட்டுக் கையெழுத்து.
சூப்பர்வைசர் வீரணன்
கைக்கடிகாரத்தைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே.
குடிக்காமல் இருப்பது சுலபம்.
பதினோரு வருஷம் சுலபமாக இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஏழெட்டுப் பேர்
புதூரில் ஒரு மொட்டைமாடியில் கண்மூடி உட்காருவோம்,
சுவரோரம் புத்தர், ஓர் ஊதுபத்தி.
மூச்சைப் பார், வலி வந்தால் வலியைப் பார்,
கூடவே கதை கட்டாதே என்பார்கள்.
முழங்கால் கடுப்புக்கு அது சரிவரும்.
இந்த வலி பார்க்க விடவில்லை.
பார்க்கிற கண்ணையும் அதுவே எடுத்துக்கொண்டது.
கதையும் வந்தது, கூப்பிடாமலே:
எனக்கு மட்டும் ஏன்,
யார் குடியைக் கெடுத்தேன்,
நாளைக்குப் பிள்ளைக்குச் சோறு கட்டுவது யார்.
கல் ஒரு பக்கம் குத்தியது, கதை மறுபக்கம்.
கதைக்குத்தான் கூர் அதிகம்.

"வலிக்குதே" என்றேன்.
மேலே கட்டிலிலிருந்தும் "வலிக்குதே".

கீழவளவுக்காரி, பொன்னழகு என்று பெயர்.
குவாரியில் இடுப்பில் விழுந்ததாம்.
அவளுக்கு வெளியே இருந்து வந்த கல்.

பள்ளிக்கூடத்தில் வாக்கியம் எழுதிப்போட்டு
எழுவாயைக் கண்டுபிடி என்பார்கள்.
எனக்கு வலிக்கிறது.
இதில் வலிப்பது யார்?
நான் இல்லை. 'எனக்கு', அவ்வளவுதான்,
தபால் உறைமேல் விலாசம் மாதிரி.
விலாசம் மாறினாலும் உள்ளே அதே கடுதாசி.

அவள் கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது,
ஊசி, பிளாஸ்திரி எல்லாவற்றோடும்.
பாயில் கிடந்தபடி எட்டிப் பிடித்தேன்.
கல்தூள் ஏறிய, சொரசொரத்த கை.
அவள் முனகினால் நான் அழுத்தினேன்,
நான் முனகினால் அவள்.
கோழி கூப்பிடுகிற நேரத்தில்
எது எவளுடைய முனகல் என்று பிடிபடவில்லை.
வலி குறைந்ததா என்றால், இல்லை.
அது புழங்க இன்னோர் அறை கிடைத்தது.

கல்லுக்கு நன்றி சொல்ல மாட்டேன்.
எதிலும் பாடம் பொறுக்குகிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.
நான் சொன்னது சிறுநீரகத்துக்கு.
பெரிய அவரைக்கொட்டை மாதிரி இரண்டு,
லீவு கேட்காமல், ஒரு சொட்டுக்குக் கெஞ்சாமல்
பதினோரு வருஷம் எனக்குள் நின்றவை.
அவற்றுக்கு நான்தான் சூப்பர்வைசர்.
கடிகாரம் என் கையிலும் இருந்திருக்கிறது.

மொட்டைமாடியில் ஒரு வரிசை உண்டு.
முதலில் தனக்கு, அப்புறம் வேண்டியவருக்கு,
அப்புறம் யாரோ எவரோவுக்கு,
கடைசியில் ஆகாதவருக்கு:
துன்பம் நீங்குக.
மூணாவது வரை வந்துவிட்டேன், அந்தக் கை வழியாக.
நாலாவது வீரணன்.

ஆடித் தள்ளுபடி நாளில், குடோன் இருட்டில்,
பேன்ட்டைச் சுருட்டிவிட்டுத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.
கெண்டைக்காலில் நரம்பு மண்புழு மண்புழுவாக.
என்னைப் பார்த்ததும் இறக்கிவிட்டார்.
துன்பம் நீங்குக என்றேன். பொய்.
மறுபடி சொன்னேன். பாதிப் பொய்.
மூணாவது தடவை சொல்ல வாயெடுக்கும்போது
கல் திரும்பக் குத்தியது, விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம்
இரண்டு லிட்டர் பாட்டிலோடு மாடி ஏறினேன்.
நோட்டில் அன்றைக்கு மூணாவது கையெழுத்து.
அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.
நான் அவர் காலைப் பார்த்தேன்.