இரண்டு அடி

உம் அல் குவைன். படகில் பத்து நிமிடம்,
அலையாத்திகளுக்கு அப்பால் ஒரு தீவு.
வேலிக்கம்பி நட வந்தோம், நாலு பேர்.

முழங்கால் உயரச் சுவர்கள்.
சுண்ணாம்புத் தரை, பவளக்கல்,
அடுப்பு இருந்த இடத்தில் கறுப்பு.
ஆயிரத்து முந்நூறு வருசம் இருக்கும் என்றார்
அகழாய்வுக்காரப் பெண், பாட்டில் மூடியைத் திருகியபடி.
சண்டையில்லை, தீயில்லை.
எழுந்து போயிருக்கிறார்கள்.

டேப்பை இழுத்தேன், வேலிக்காகத்தான்.
நடுக்கூடத்தின் முடிவில்
தரை அரையடி உயர்ந்து
கிழக்கே பார்த்தது.
பலிபீடம்.
யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மூன்று மாதமாய்க் கோயிலுக்குப் போகாதவன்
ஷூவைக் கழற்றினேன்.
கொதித்தது.
கொக்குபோல் கால் மாற்றி மாற்றி நின்றதில்
ஜெபம் பாதியில் மறந்தது.

"ஷூ! ஷூ போடு! ஃபைன் போடுவான்!"
கத்திக்கொண்டே வந்த ஃபோர்மேன் இம்தியாஸ்
தரையைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார்.
"பள்ளிவாசலா?"
"எங்க ஆளுங்க கோயில்."

சொன்னதும் எனக்கே சிரிப்பு.
சிரியாக்கில் பாடிய யாரோ துறவிகள்
நாசரேத் ஜெபசிங்குக்கு என்ன முறை?

"எந்தத் திசை?"
"கிழக்கு."
அவர் ஒருதரம் மேற்கே திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

பிறகு குனிந்து
டேப்பின் மறுமுனையைப் பிடித்தார்.
கம்பி தள்ளி நடப்பட்டது,
வரைபடத்தில் இல்லாத
இரண்டு அடி.