மூன்று ஏ

கோலாலம்பூர்க் கட்டடங்கள் பலவற்றில் நான்காம் மாடி கிடையாது.
மூன்றுக்கு அப்புறம் மூன்று ஏ,
அதற்கு அப்புறம் ஐந்து.
நாலு என்றால் சீனத்தில் சாவின் சத்தம்.
முப்பத்திரண்டு வருஷம் அந்தப் பொத்தானைக்
கழற்றியிருக்கிறேன், துடைத்து மாட்டியிருக்கிறேன்.

டாக்டர் ஹஸ்லினாவுக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை.
பேனா முனையால் திரையைத் தட்டி
“நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில், அங்கிள்” என்றாள்.
நெடுக்காக வெட்டிய கட்டடம்போல
நின்றுகொண்டிருந்தது என் முதுகு.
மாடிக்கு மாடி இடையில் ஒரு மெத்தை.
மேலே உள்ளவை வெளுப்பு,
கடைசி இரண்டும் கறுப்பு.
“தண்ணீர் வற்றிப்போச்சு. வயசானா வற்றும்.
மெத்தை சப்பையாகும்,
எலும்பு ஓரத்தில் முள் மாதிரி வளரும்,
நரம்பு வெளியே வருகிற ஓட்டை சிறுத்துப்போகும்.”

இவ்வளவு விளக்கியிருக்க வேண்டாம்.
செந்தூலில் ஒருமுறை
பத்தொன்பதாம் மாடி விளக்கு
அணைவதும் எரிவதுமாக இருந்தது.
நானும் ஆ சூனும் மூன்று நாள்
பத்தொன்பதையே பிரித்துப் பிரித்துப் பார்த்தோம்.
கோளாறு அடியில், குழிக்குள்.
ஒயரை எலிகூடக் கடிக்கவில்லை.
ஒரு கிளிப் நெரித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

என் கால் கட்டைவிரலும் பத்தொன்பதாம் மாடிதான்.
விரலில் ஒன்றுமில்லை.
சௌகிட் சந்தையில் செருப்பு கழன்றது தெரியாமல்
பாதி சந்தை நடந்துவிட்டேன்.
மீன்காரர் கத்திக் கூப்பிட்டுக் கொடுத்தார்,
செதில் ஒட்டிய கையால்.

வயசு கேட்டாள். அறுபத்து மூன்று.
அடுத்த வருஷம் அறுபத்து மூன்று ஏ என்றேன்.
அவள் சிரிப்பதற்குள் நான் எழுந்து
வலியில் மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

எஃகுக் கயிறுக்குக் கணக்கு உண்டு.
இத்தனை இழை அறுந்தால் மாற்ற வேண்டும்.
விரலால் தடவி எண்ணுவோம்,
தேதி போட்டுக் கையெழுத்திடுவோம்.
நான் தூக்கிய மோட்டார்களையும்
குழிக்குள் மடங்கிக் கிடந்த மத்தியானங்களையும்
எண்ணியவர் யாரும் இல்லை.
வேலையாலா, வயசாலா?
“தூக்காதவங்களுக்கும் வருது, அங்கிள்.
என் அம்மா கணக்கு டீச்சர்” என்றாள்
மலாயில், மெதுவாக.

நின்றால் வலி. நிமிர்ந்து நடந்தால் வலி.
குனிந்தால் ஓட்டை ஒரு மயிரிழை திறக்கும்.
இதை நானே கண்டுபிடித்தேன்,
கெப்போங் பெரிய கடையில், டிராலிமேல் சாய்ந்து.
அரிசி, சோப்பு, பிள்ளைகள் டயப்பர், நாய்த்தீனி என்று
நாய் இல்லாத நான் எல்லா வரிசையும் போனேன்.
காலில் ஒரு மின்னலும் இல்லை.
வெறுங்கையோடு வர வெட்கப்பட்டு
ஒரு டப்பா மைலோ வாங்கினேன்.
மறுநாளும்.
அதற்கு மறுநாளும்.

அலமாரியில் ஏழு டப்பாவைப் பார்த்த தனபாக்கியம்
“யாருங்க அந்தக் கல்லாப் பொண்ணு?” என்றாள்.
கூட்டிப்போய்க் காட்டினேன்.
அவள் ஒரு பேச்சும் பேசவில்லை.
வரிசையில் நின்ற இன்னொரு டிராலியை இழுத்து
தானும் அதன்மேல் சாய்ந்து
எனக்கு முன்னால் போனாள், சுலபமாக.
எத்தனை வருஷமாக என்று
நான் இன்னும் கேட்கவில்லை.

நேற்று எங்கள் பிளாக்கில் லிஃப்ட் ரோசாக்.
அட்டையில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.
வீடு பதினொன்றில்.
ஏறுவது சுலபம், நம்பமாட்டீர்கள்.
படி குனியச் சொல்கிறது,
நரம்பு மூச்சுவிடுகிறது.
இறங்குவதுதான் ஆளைக் கொல்லும்.

சாயங்காலம் இறங்கும்போது
மூன்று ஏ-யில் உட்கார்ந்துவிட்டேன்.
சுவருக்குப் பின்னால் தட்டுகிற சத்தம்.
யாரோ புது ஆட்கள்,
கோளாறை மேலே தேடுகிறார்கள்.
சத்தத்தை வைத்தே சொல்வேன், அது அடியில்.

கட்டைவிரலை அசைக்கச் சொல்லி அனுப்பினேன்.
கொஞ்ச நேரம் கழித்து
அசைந்தது.